500 போன பிறகு வந்த பிழைகள்: ஒரு மாங்கூழ் ஆலையின் சிஜிஐ இடமாற்றம்

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டினம், போச்சம்பள்ளி வட்டாரத்து மாங்கூழ் ஆலைகளில் மே மாதப் பாதியில் தொடங்கும் ஓட்டம் ஜூலை கடைசி வரை ஓயாது. பெங்களூரா ரக மாங்காய் ஏற்றி வரும் டிராக்டரும் மினி லாரியும் எடைமேடையில் ஏறி முழு எடை போட வேண்டும். காயைக் கொட்டிவிட்டு வந்து வெற்று எடை போட்டுச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டு அச்சாகவில்லை என்றால் அரை மணி நேரத்தில் வண்டி வரிசை சாலைக்கு வந்துவிடும். அப்படிப்பட்ட ஓர் ஆலையில், சீசன் தொடங்கும் வாரத்தில், சீட்டு போடும் மென்பொருளைப் பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாற்றியபோது என்னென்ன முறிந்தன, ஒவ்வொன்றும் ஏன் முறிந்தது என்பதே இந்த ஆய்வு.

மென்பொருள் பெர்ல் மொழியில் எழுதிய 14 சிஜிஐ ஸ்கிரிப்டுகள். பழைய இயந்திரத்தில் சென்ட்ஓஎஸ் 6 என்ற லினக்ஸ் இயங்குதளம், அப்பாச்சி 2.2.15 என்ற வலை சர்வர், பெர்ல் 5.10.1 இருந்தன. சென்ட்ஓஎஸ் 6-க்கான ஆதரவு 2020 நவம்பர் 30 அன்றே முடிந்துவிட்டது. வன்வட்டில் பழுதான செக்டர்கள் கூடிக்கொண்டே போனதால் மாற்றத்தைத் தள்ளிப்போட வழியில்லை. புதிய இயந்திரத்தில் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ், அப்பாச்சி 2.4.52, பெர்ல் 5.34. தரவுத்தளம் வேறொரு கணினியில் இருந்ததால் அதில் யாரும் கை வைக்கவில்லை. ஸ்கிரிப்டுகளைத் திருத்தும் எண்ணமும் யாருக்கும் இல்லை. அவற்றைத் தாங்கி நின்ற தரைதான் மாறியது.

சிஜிஐ என்பது சர்வருக்கும் நிரலுக்கும் நடுவே உள்ள ஒரு கைமாற்று ஒப்பந்தம். 1993-இல் என்சிஎஸ்ஏ சர்வருக்காகப் பிறந்தது, 2004 அக்டோபரில் ஆர்எஃப்சி 3875 என்ற இணைய ஆவணமாகப் பதிவானது. சர்வர் ஒரு கோப்பைத் தேடிப் பிடிக்கிறது, அதை இயக்குகிறது, கோரிக்கையின் விவரங்களைச் சூழல் மாறிகளில் வைக்கிறது, படிவத்தின் உள்ளடக்கத்தை உள்ளீட்டு வழியாகத் தள்ளுகிறது. நிரல் பதிலுக்குச் சில ஹெடர் வரிகள் (பக்கத்தைப் பற்றிய விவரங்கள்), ஒரு வெற்று வரி, பிறகு பக்கம் என்ற வரிசையில் எழுத வேண்டும். இந்தக் கைமாற்றில் எந்த இடத்தில் நழுவினாலும் திரையில் தெரிவது பெரும்பாலும் அதே ‘500’ தான், அதாவது ‘சர்வருக்குள் பிழை’. ஆகவே திரையைப் பார்த்துக் காரணம் ஊகிப்பதில் பயனில்லை. அப்பாச்சி பிழைகளை எழுதிவைக்கும் எரர் லாகை ஒரு சாளரத்தில் ஓடவிட்டு, மறு சாளரத்தில் ஒரே ஒரு கோரிக்கையை அனுப்பிப் பார்ப்பதுதான் வேலையைத் தொடங்கும் இடம்.

கோப்பைச் சென்றடைவதற்குள்

முதலில் வந்தது 404, ‘கோப்பு கிடைக்கவில்லை’. சென்ட்ஓஎஸ் பழக்கத்தில் கோப்புகளை /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ/சிஜிஐ-பின் அடைவில் வைத்திருந்தார்கள். சிஜிஐ கோப்புகள் எந்த அடைவில் இருக்கும் என்று சொல்லும் கான்ஃபிக் (அமைப்புக் கோப்பு) வரியான ஸ்கிரிப்ட்அலியாஸ் உபுண்டுவில் இயல்பாகக் காட்டுவது /யுஎஸ்ஆர்/லிப்/சிஜிஐ-பின். அதுவும் சிஜிஐ மாட்யூல் (அப்பாச்சியின் கூடுதல் பகுதி) ஏற்றப்பட்டிருந்தால்தான் நடைமுறைக்கு வரும். ‘ஏ2என்மாட் சிஜிஐ’ என்று கொடுத்தால், அப்பாச்சி ஈவென்ட் முறையில் ஓடும்போது உபுண்டு ‘சிஜிஐடி’ என்ற மாட்யூலை இயக்கிவைக்கும். இழைகள் கொண்ட சர்வருக்கு அதுதான் சரியானது, அதை மாற்ற வேண்டியதில்லை.

404-ஐப் போக்க யாரோ கோப்புகளை வலைப்பக்க அடைவுக்கே நகர்த்தியது அடுத்த சிக்கல். அங்கே சிஜிஐ இயக்கும் அனுமதி இல்லை. அப்பாச்சி அதைச் சாதாரணக் கோப்பாக எடுத்து நிரலின் மூலத்தையே உலாவிக்கு அனுப்பிவிட்டது. அந்த மூலத்தில் தரவுத்தளக் கடவுச்சொல் இருந்தது. இப்படி ஒருமுறை வெளியே போன கடவுச்சொல்லை, உள் வலையமைப்புதானே என்று விட்டுவைக்கக் கூடாது. அன்றே மாற்ற வேண்டும், இங்கும் மாற்றினார்கள். ஒரு சிறு அடையாளம்: மாட்யூல் ஏற்றப்படாமல் ஸ்கிரிப்ட்அலியாஸ் மட்டும் இருந்தால் பக்கத்தைக் கேட்கும் கெட் கோரிக்கைக்கு மூல நிரல் வரும், படிவத்தை அனுப்பும் போஸ்ட் கோரிக்கைக்கு 405 (இந்த முறைக்கு அனுமதி இல்லை) வரும். படிவம் அனுப்பும்போது 405 கண்ணில் பட்டால் முதலில் மாட்யூல் பட்டியலைப் பாருங்கள்.

கோப்புகளைத் தனி அடைவுக்குக் கொண்டுபோனதும் 403, ‘அனுமதி இல்லை’. பழைய கான்ஃபிக்கில் ‘ஆர்டர் அலவ், டினை’, ‘அலவ் ஃப்ரம் ஆல்’ என்று இருந்தது. 2.4-இல் அந்த வேலையைச் செய்வது ‘ரிக்வயர் ஆல் கிரான்டட்’. பழைய வரிகளைப் புரிந்துகொள்ளும் இணக்க மாட்யூல் உபுண்டுவில் இயல்பாகவே ஏறியிருக்கிறது. அதனால் தொடரியல் பிழை எதுவும் வராது, எல்லாம் சரி என்ற தோற்றமே மிஞ்சும். ஆனால் உபுண்டுவின் முதன்மைக் கான்ஃபிக் வேர் அடைவுக்கே ‘ரிக்வயர் ஆல் டினைட்’ போட்டிருக்கிறது. கீழே புதிய ரிக்வயர் வரி இல்லாவிட்டால் அந்த மறுப்பு அப்படியே இறங்கி வரும். பழைய வரி அனுமதிக்கும், புதிய வரி மறுக்கும், இரண்டும் சம்மதித்தால்தான் கதவு திறக்கும். எந்தப் பக்கம் மறுத்தது என்பதை லாகில் உள்ள எண் சொல்லிவிடும்: ஏஎச்01630 என்றால் புதிய மாட்யூல், ஏஎச்01797 என்றால் பழைய இணக்க மாட்யூல். பழைய வரிகளை முழுவதும் நீக்கிவிட்டுப் புதியவற்றை மட்டும் எழுதுவதே நல்லது. கலந்து வைத்தால் அடுத்த முறை கைவைப்பவருக்குக் குழி வெட்டி வைத்த மாதிரி ஆகும்.

அதே 403 இன்னொரு காரணத்தாலும் வரலாம். உபுண்டு 21.04 முதல் பயனர்களின் ஹோம் அடைவு, பிறர் நுழைய முடியாத 750 அனுமதியோடு உருவாகிறது. ஸ்கிரிப்ட் எல்லோரும் இயக்கக்கூடிய 755 ஆக இருந்தாலும் அதற்குப் போகும் வழியில் ஒரு கதவு பூட்டியிருந்தால் சர்வரின் பயனரால் உள்ளே போக முடியாது. லாகில் ஏஎச்00035 வந்தால், வேரிலிருந்து கோப்பு வரை ஒவ்வோர் அடைவின் அனுமதியையும் ‘நேம்ஐ -எல்’ கட்டளையால் பார்க்கலாம்.

ஒன்பது ஓடியது, ஐந்து ஓடவில்லை

இதன் பிறகு 14-இல் 9 ஸ்கிரிப்டுகள் ஓரளவு நகர்ந்தன. மீதி ஐந்தும் உடனே 500 கொடுத்தன. லாகில் ‘அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை’ என்ற பொருளில் ஒரு வரி. கோப்போ கண் முன்னே இருக்கிறது. முனையத்தில் ‘பெர்ல்’ என்று எழுதிக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் ஒழுங்காக ஓடுகிறது. பிழை அப்பாச்சியில்தான் என்ற முடிவுக்கு இங்கேதான் எல்லோரும் வந்து நிற்பார்கள்.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் தேடிக் கிடைக்காமல் போனது ஸ்கிரிப்ட் அல்ல, அதன் முதல் வரியில் எழுதியிருக்கும் பெர்ல். கோப்புகள் பென்டிரைவ் வழியாக ஒரு விண்டோஸ் கணினிக்குப் போய், அங்கே திருத்தியில் திறந்து சேமிக்கப்பட்டுத் திரும்பியிருந்தன. ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கேரியேஜ் ரிட்டர்ன் ஒட்டிக்கொண்டது. கெர்னல் ‘/யுஎஸ்ஆர்/பின்/பெர்ல்’ என்பதோடு அந்தக் குறியையும் சேர்த்தே கோப்பின் பெயராக எடுத்துக்கொள்கிறது. அப்படி ஒரு கோப்பு உலகில் எங்கும் இல்லை. ஒன்பது தப்பித்ததன் காரணமும் இதே வரியில்தான் இருக்கிறது. அவற்றின் முதல் வரி ‘-டபிள்யூ’ என்ற விருப்பத்தோடு முடிந்தது. அங்கே அந்தக் குறி பெயரோடு ஒட்டாமல் விருப்பத்தோடு ஒட்டியது, பெர்ல் அதைப் பொறுத்துக்கொண்டது. ‘ஃபைல்’ கட்டளை கோப்பின் வரிமுடிவைச் சொல்லிவிடும், ‘டாஸ்-டு-யூனிக்ஸ்’ அதைச் சரிசெய்யும். நோட்பேட் சில வேளை கோப்பின் தலையில் வைக்கும் யூடிஎஃப்-8 அடையாள பைட்டுகளையும் கூடவே பார்க்க வேண்டும். முதல் இரண்டு எழுத்துகள் ‘#!’ ஆக இல்லாவிட்டால் கெர்னல் அதை ஸ்கிரிப்டாகவே ஏற்காது.

இந்தக் கட்டத்துக்கு ஒரு சோதனை போதும், ஆனால் அதைச் சரியாகச் செய்ய வேண்டும். எல்லா அனுமதியும் உள்ள ரூட்டாக நுழைந்து ஓட்டிப் பார்ப்பது எதையும் நிரூபிக்காது. ‘சுடோ -யூ’ கொண்டு சர்வரின் பயனரான டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாவாக மாறி, ‘என்வ் -ஐ’ கொண்டு சூழலை முழுக்கத் துடைத்து, கேட்வே_இன்டர்ஃபேஸ், ரிக்வெஸ்ட்_மெத்தட், க்வெரி_ஸ்ட்ரிங் ஆகிய மாறிகளை மட்டும் கையால் கொடுத்து, கோப்பை அதன் பெயராலேயே அழைக்க வேண்டும். முன்னால் ‘பெர்ல்’ என்று சேர்க்கக் கூடாது. சேர்த்தால் மேலே சொன்ன பிழையே ஒளிந்துகொள்ளும்.

பெர்ல் உதறிய மூன்று

வரிமுடிவு சரியானதும் ‘சிஜிஐ.பிஎம் கிடைக்கவில்லை’ என்றது லாக். படிவங்களைப் படிக்கும் அந்த மாட்யூல் பெர்லோடு சேர்ந்தே வந்த காலம் 2015-இல் வந்த 5.22-ஓடு முடிந்தது. இப்போது ‘லிப்சிஜிஐ-பிஎம்-பெர்ல்’ என்ற பொதியைத் தனியாக நிறுவ வேண்டும். அதே 5.22-இல் ஓர் அணியை ‘டிஃபைன்ட்’ கொண்டு சோதிப்பதும் நிரலை நிறுத்தும் பிழையாகிவிட்டது. இரண்டு ஸ்கிரிப்டுகளில் அது இருந்தது. ‘டிஃபைன்ட்’ என்ற சொல்லை எடுத்துவிட்டால் போதும்.

மூன்றாவதுதான் இந்த நிகழ்வின் மையம். பெர்ல் தன் நூலகங்களைத் தேடும் ‘@ஐஎன்சி’ பட்டியலின் கடைசியில் ‘நடப்பு அடைவு’ என்ற ஒரு புள்ளி நெடுங்காலம் இருந்தது. 2017-இல் வந்த 5.26 அதை நீக்கியது. காரணம் நியாயமானது: யாரோ ஒருவர் ஓர் அடைவில் போட்டுவைத்த கோப்பை, அங்கே நின்று ஓடும் நிரல் தன் நூலகம் என்று நம்பி இயக்கிவிடும். ஸ்கிரிப்டுகள் பொதுக் கோப்பை ‘ரிக்வயர்’ கொண்டு அழைத்த இடங்களில் இது 500 ஆக வெடித்தது, உடனே கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு ஸ்கிரிப்டின் தலையிலும் ‘யூஸ் லிப்’ போட்டு நூலக அடைவின் முழுப் பாதையைக் கொடுத்தார்கள். பழைய நடத்தையைத் திருப்பித் தரும் ஒரு சூழல் மாறியும் உண்டு. நீக்கிய ஓட்டையை மறுபடி திறப்பது அது, ஓரிரு நாள் முட்டுக்கொடுக்கலாம், அதற்கு மேல் வைக்கக் கூடாது. அன்றைய விலைக் கோப்பை அழைக்கும் சீட்டு ஸ்கிரிப்டில் மட்டும் ‘ரிக்வயர்’ இல்லை, ‘டூ’ இருந்தது. அதைப் பற்றி யாருக்கும் அப்போது தெரியாது, ஏனென்றால் அது வெடிக்கவில்லை.

கடைசி 500 அச்சடிக்கும் ஸ்கிரிப்டில் வந்தது. ‘தவறான ஹெடர்’ என்று லாக் சொல்லி, அந்த ஹெடரையும் காட்டியது: பிரிண்டர் வேலை எண்ணைச் சொல்லும் ஒரு வாக்கியம். புதிய இயந்திரத்தில் பிரிண்டரை அமைத்தவர் ‘எல்பிஆர்’ கட்டளைக்குப் பதில் ‘எல்பி’ என்று மாற்றியிருந்தார். முன்னது வேலை முடிந்தால் வாய் திறக்காது. பின்னது வேலை எண்ணை வெளியீட்டில் எழுதும். ஸ்கிரிப்ட் ஹெடருக்கு முன்பே அச்சு வேலையை ஏவியதால், அந்த வாக்கியம் ஹெடர் இருக்க வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்தது. ஏவும் கட்டளையின் வெளியீட்டை வேறு பக்கம் திருப்பிவிட்டதும் சரியானது. இன்னொரு ஸ்கிரிப்ட் தன் சொந்த ஹெடருக்கு ‘ஸ்லிப் நம்பர்’ என்று நடுவே இடைவெளியோடு பெயர் வைத்திருந்தது. 2.2 அதைக் கண்டுகொள்ளவில்லை. இப்போதைய அப்பாச்சி ஹெடர் பெயரில் இடைவெளியை ஏற்காமல் பதிலையே கைவிடுகிறது. இடையில் ஒரு ஹைஃபன் போட்டார்கள்.

சனிக்கிழமை இரவு எல்லாப் பக்கங்களும் 200 (வெற்றி) கொடுத்தன. வேலை முடிந்தது என்று நினைத்தார்கள்.

200 கொடுத்தும் தவறு

தமிழ் சிதைந்தது முதலில் கண்ணில் பட்டது. விவசாயியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று அந்நியக் குறிகள். தரவு கெட்டுவிட்டதோ என்ற பயத்தில் தரவுத்தளத்தை மாற்றப் போனவரைத் தடுத்தது நல்லதாயிற்று. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். மூன்றுக்கு மூன்று என்று வந்தால் பைட்டுகள் அப்படியே பத்திரமாக இருக்கின்றன, உலாவிதான் அவற்றைத் தவறாக வாசிக்கிறது. ஸ்கிரிப்டுகள் ‘டெக்ஸ்ட்/எச்டிஎம்எல்’ என்று மட்டும் சொல்லின, எழுத்துக் குறியீட்டைச் சொல்லவில்லை. சென்ட்ஓஎஸ் 6-இன் கான்ஃபிக்கில் இருந்த ‘ஆட்டிஃபால்ட்சார்செட் யூடிஎஃப்-8’ என்ற ஒற்றை வரி இத்தனை ஆண்டுகளாக அந்தக் குறையை மூடிக்கொண்டிருந்தது. உபுண்டுவில் அந்த வரி இருக்கிறது, ஆனால் இயங்காதபடி குறிப்பாக்கி வைத்திருக்கிறார்கள். அதை இயக்குவது ஒரு வழி. ஸ்கிரிப்டே தன் ஹெடரில் குறியீட்டைச் சொல்வது சரியான வழி. அப்போதுதான் அடுத்த இடமாற்றத்திலும் தமிழ் பிழைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை எடைமேடையிலிருந்து தொலைபேசி: “அண்ணா, சீட்டெல்லாம் நல்லா வருதுங்க. தொகை மட்டும் ஜீரோன்னு வருது, பரவாயில்லைங்களா?”

அதற்குள் 37 சீட்டு போயிருந்தது. அந்த ஆலையில் விலை பேசி முடியாத நாளில் தொகைக் கட்டம் சுழியமாக வருவது வழக்கம்தான், அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. காரணம் அந்த ‘டூ’. ‘ரிக்வயர்’ கோப்பைக் காணாவிட்டால் நிரலை நிறுத்தும். ‘டூ’ நிறுத்தாது, வெறுமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போகும். நடப்பு அடைவு பட்டியலில் இல்லாததால் விலைக் கோப்பு ஏறவில்லை. விலை மாறி வெறுமையாக நின்றது. வெறுமையை எடையால் பெருக்கினால் பெர்லுக்கு அது சுழியம். பெர்ல் எச்சரிக்கவும் செய்தது: புள்ளி இப்போது பட்டியலில் இல்லை, புள்ளி-சாய்கோட்டோடு எழுத நினைத்தீர்களா என்று 37 முறை எரர் லாகில் எழுதியிருந்தது. 500 நின்றதும் லாகைப் பார்ப்பதையும் நிறுத்தியிருந்தார்கள்.

திருத்தம் இரண்டு வரி. கோப்பின் முழுப் பாதையைக் கொடுப்பது ஒன்று, ‘டூ’ வெறுமையைத் திருப்பினால் அங்கேயே நிரலை நிறுத்துவது இன்னொன்று. பணக் கணக்கு போடும் நிரல், விலை தெரியாதபோது சீட்டே கொடுக்காமல் நிற்பதுதான் விவசாயிக்குப் பாதுகாப்பு.

லாகை மறுபடி படித்தும் பிடிபடாதது கேட் எண். ஆலைக்கு இரண்டு எடைமேடை. எந்த மேடையில் எடை போட்டது என்ற எண்ணை, மேடைக் கணினியில் ஓடும் சிறு நிரல் ‘எக்ஸ்_கேட்_நோ’ என்ற ஹெடரில் அனுப்பும். புதிய சர்வரில் அந்தக் கட்டம் காலியாக வந்தது. லாகில் ஒரு சொல்கூட இல்லை. சிஜிஐ முறையில் ஹெடரின் பெயர் சூழல் மாறியாகும்போது ஹைஃபன் அடிக்கோடாக மாறும். ஆகவே ஹைஃபனோடு வரும் பெயரும் அடிக்கோடோடு வரும் பெயரும் ஒரே மாறியில் போய் விழும். நம்பகமான ஹெடர் ஒன்றின் மேல் வெளியாள் தன் மதிப்பை ஏற்றிவிட இது வழி. அதனால் அப்பாச்சி 2.4 அடிக்கோடு உள்ள ஹெடர்களைச் சிஜிஐக்குக் கொடுக்காமல் சத்தமின்றிக் கைவிடுகிறது. என்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு வலை சர்வரும் இயல்பாக அப்படித்தான் செய்யும். அனுப்பும் நிரலில் ஹைஃபன் போட்டால் ஸ்கிரிப்டை மாற்றவே வேண்டாம், ஏனென்றால் மாறியின் பெயர் அதேதான். இங்கே மேடை நிரலின் மூலம் யாரிடமும் இல்லை. ஆகவே ‘செட்என்விஃப்நோகேஸ்’ கொண்டு பழைய ஹெடரின் மதிப்பை ஒரு தற்காலிக மாறியில் பிடித்து, ஹெடர்ஸ் மாட்யூலின் ‘ரிக்வெஸ்ட்ஹெடர் செட்’ கொண்டு ஹைஃபன் பெயரில் திரும்ப வைத்தார்கள். அந்த இரண்டு கணினிகளின் ஐபி முகவரிக்கு மட்டுமே இந்தச் சலுகை.

கணக்குப் பிரிவுக்குப் போக வேண்டிய நாள் முடிவுக் கோப்பும் காணவில்லை. ஸ்கிரிப்ட் அதைத் தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் அடைவில் எழுதியதாகச் சொன்னது, குறித்த நேரத்தில் வேலைகளை ஏவும் கிரான் அங்கே பார்த்து ஒன்றும் இல்லை என்றது. இரண்டும் உண்மை. உபுண்டுவில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி அப்பாச்சிக்குத் தனி டெம்ப் அடைவைக் கொடுக்கிறது, வெளியே நிற்பவர்களுக்கு அது தெரியாது. சென்ட்ஓஎஸ் 6-இல் சிஸ்டம்டியே கிடையாது. கையால் செய்யும் ‘என்வ் -ஐ’ சோதனையிலும் இது பிடிபடாது, காரணம் அது அப்பாச்சியின் கூண்டுக்கு வெளியே ஓடுகிறது. /வார்/லிப் கீழே தனி அடைவு ஒன்றை உண்டாக்கி, சர்வரின் பயனருக்கு உரிமை கொடுத்து, இரு பக்கத்துப் பாதையையும் அங்கே திருப்பினார்கள்.

ஒப்பிட்டுப் பார்த்த விதம்

மேலே சொன்ன நான்கில் தமிழ் எழுத்து, தொகை இரண்டையும் சனிக்கிழமை இரவே பிடித்திருக்கலாம். பழைய இயந்திரம் இன்னும் உயிரோடுதான் இருந்தது. பிறகுதான் இதைச் செய்தார்கள்: சென்ற சீசனின் 20 சீட்டுக் கோரிக்கைகளைத் தேர்ந்து, தரவுத்தளத்தின் இரண்டு நகல்களை எடுத்து, ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு நகலைக் கட்டி, வலைக் கோரிக்கை அனுப்பும் ‘கர்ல் -ஐ’ கட்டளையைக் கொண்டு இரண்டிடமும் அதே கோரிக்கையை அனுப்பினார்கள். ஹெடரோடு சேர்த்துப் பதில்களைச் சேமித்து, வித்தியாசம் காட்டும் ‘டிஃப்’ போட்டார்கள். தேதியையும் சர்வர் பெயரையும் தவிர வேறு எந்த வரி மாறினாலும் காரணம் கண்டுபிடிக்கும் வரை நகர்வதில்லை என்று வைத்துக்கொண்டார்கள். எழுத்துக் குறியீட்டு வித்தியாசம் முதல் ஒப்பீட்டிலேயே ஹெடரில் நிற்கிறது. கேட் எண் மட்டும் கர்லில் ஹெடரை மேடை நிரல் அனுப்பும் அதே எழுத்துகளில் கொடுத்தால்தான் பிடிபடும். பழைய சர்வரில், வலையில் வருவதைப் பதிவு செய்யும் ‘டிசிபிடம்ப்’ கொண்டு உண்மையான கோரிக்கை ஒன்றைப் பதிவு செய்து அதையே மாதிரியாக வைத்தது அதற்காகத்தான்.

ஒப்பீட்டில் வித்தியாசம் வந்து காரணம் தெரியாதபோது அப்பாச்சியின் ‘ஸ்கிரிப்ட்லாக்’ உதவும். சிஜிஐ தோற்கும்போது கோரிக்கை ஹெடர், படிவ உள்ளடக்கம், நிரல் கக்கியது எல்லாவற்றையும் அதில் எழுதும். அந்த லாக் கோப்பைச் சர்வரின் பயனர் எழுதும்படி முன்னதாகவே உண்டாக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் வராது. படிவத்தில் வரும் கடவுச்சொற்களும் அதில் விழும் என்பதால் வேலை முடிந்ததும் அணைத்து, கோப்பை அழித்துவிட வேண்டும்.

இடையில், அப்பாச்சியை விட்டு என்ஜின்எக்ஸுக்கே போய்விடலாமா என்ற பேச்சும் எழுந்தது. என்ஜின்எக்ஸ் சிஜிஐ நிரலைத் தானாக இயக்காது, நடுவே ‘எஃப்சிஜிஐராப்’ வேண்டும். அதற்கு ஸ்கிரிப்ட்_ஃபைல்நேம் சரியாகப் போகாவிட்டால் 403, அதோடு பேசும் வழியான சாக்கெட் கிடைக்காவிட்டால் 502 என்று புதிய வகைக் குழப்பங்கள் வேறு. சீசன் நடுவில் அதைத் தொடாதது சரியான முடிவு.

37 சீட்டுகளின் முழு எடை, வெற்று எடை, கழிவு மூன்றும் தரவுத்தளத்தில் சரியாகவே இருந்தன. ஞாயிற்றுக்கிழமை விலைக் கோப்பைக் கொண்டு தொகையைத் திரும்பக் கணக்கிட்டு, அதே சீட்டு எண்ணில், ‘திருத்திய நகல்’ என்ற வரியோடு அச்சடித்தார்கள். எந்த மேடை என்ற விவரம் மட்டும் கணினியில் எங்கும் பதிவாகவில்லை. கேட்டில் காவலர் கையால் எழுதும் வண்டிப் பதிவேட்டை எடுத்து, வண்டி எண்ணையும் நேரத்தையும் ஒத்துப் பார்த்து, 37-க்கும் கட்டத்தை நிரப்பினார்கள்.